வெறும் வண்டி எடை

வேலந்தாவளத்தில் வரிச் சாவடியை எடுத்து
எட்டு வருடமாகிறது.
அது நின்ற இடம் வந்ததும் லாரிகள்
இன்னும் கியரைக் குறைக்கின்றன.
எதிரே எங்கள் எடைமேடை.
ஜன்னலுக்குள் நான், மேசை விசிறி,
மூடி சரியாக மூடாத மடிக்கணினி.

ராவுத்தருக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று,
அந்தப் பக்கம் மூன்று மேடைகள்.
நாலிலும் ஒரே பில் வரணும் என்கிறார்.
இங்கே வருகிறது.
கொழிஞ்சாம்பாறையில் ஷிபு போட்டால்
‘இவிடெ ஓடுன்னில்ல சேச்சி.’
அவனிடம் ஜாவா வேறு, எழுத்துரு வேறு,
தேதியில் மாதம் முன்னால் வருகிறது.
சரி, சர்வரையே பெட்டியில் கட்டி
அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

முதல் வரி, எதன் மேல் கட்டுவது.
ஒல்லியான லினக்ஸ் ஒன்று.
அடுத்து ஜாவா.
அடுத்து நிறுவி, எழுநூறு எம்பி.
அது இறங்கி முடிவதற்குள் போன்
இந்த மாநில டவருக்கும் அந்த மாநில டவருக்கும்
நாலு முறை தாவி, நாலு முறை அறுந்தது.

பதினொன்றரைக்கு எல்லாம் நின்றது.
பிழை இல்லை. சத்தம் இல்லை.
அரைமணி கழித்துத்தான் உறைத்தது:
நிறுவி உள்ளே உட்கார்ந்துகொண்டு
‘நிபந்தனைகளை ஏற்கிறீர்களா’ என்று
கேட்டபடி இருக்கிறது.
கட்டும் நேரத்தில் உள்ளே ஆள் கிடையாது.
அது கேட்கும், காத்திருக்கும், அவ்வளவுதான்.
பதில்களை முன்னாலேயே
ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும்.
ஆம். ஆம். இந்த அடைவில். இந்த வாசலில்.
நிர்வாகியின் கடவுச்சொல்?
விரலுக்கு வந்ததை அடித்தேன்.

நிறுவி முடிந்த மறுவரியிலேயே
கோப்பை அழித்தும் விட்டேன்.
ஒழுங்கான பெண்.

ஒன்றேகால் ஜிபி. ஷிபு இறக்கினான்.
ஓடியது.
கொஞ்சம் கழித்து, ‘சேச்சி,
டி.என். நாற்பத்தொந்நு ஆருடெ வண்டியா?’

அடுக்குகள் அப்படித்தான்.
மேலே அழித்தால் மேலே தெரியாது.
கீழே அது அப்படியே கிடக்கும்,
பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு
எழுத்தெழுத்தாய்.
எனக்கும் தெரியும் இது. தெரிந்தும்.

ஆறு வருடம் இந்த மேடையில் ஏறிய வண்டி.
இளநீர், சிமென்ட், ஒரு தடவை
யாருடையதோ கல்யாணக் கட்டில்.
முன்சக்கரத்தை விளிம்பில் நிறுத்தி
எடையைக் குறைத்துக் காட்டப் பார்ப்பான்.
நான் கண்ணாடியைத் தட்டுவேன்.
வெறும் வண்டி ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது.
ரசீதைப் பார்க்காமலே சொல்வேன்.
அப்புறம் நாமக்கல்லில் யாருக்கோ விற்றுவிட்டான்.
பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது,
எனக்கு மட்டுமல்ல,
நாலு மேடைகளுக்கும் பொதுவாக.

மறுபடி கட்டினேன், இரண்டு கட்டமாக.
முதல் கட்டத்தில் நிறுவி, பதில்கள், குப்பை.
இரண்டாவது அதிலிருந்து
ஓடும் சர்வரை மட்டும் எடுத்துக்கொள்ளும்;
மற்றது கூட வராது.
கடவுச்சொல்லை ஓட்டும்போது
ராவுத்தரே கொடுத்துக்கொள்ளட்டும்.

முந்நூற்று எண்பது எம்பி.
ஷிபு துருவிப் பார்த்திருக்க வேண்டும்.
‘ஒந்நும் இல்ல சேச்சி’ என்று மட்டும் எழுதினான்.
நல்ல பையன்.

முதல் கட்டம் என் கணினியில் இருக்கிறது,
அடுத்த முறை வேகமாகக் கட்டுவதற்காக
அதுவே எடுத்துவைத்துக்கொண்டது.
துடைக்க ஒரு வரி போதும்.
அடித்தேன்.
‘நிச்சயமாகவா?’ என்றது.

வெளியே ஹாரன். ஓணத்துக்கு வாழைத்தார்,
பின்சக்கரம் இன்னும் மேடையில் ஏறவில்லை.
கண்ணாடியைத் தட்டினேன்.
திரையில் அந்தக் குறி
விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.